இரு, வாரேன்

2024 மார்ச் 11, திங்கள். சென்னை.

எண்ணூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடு. மாமியார் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். மருமகள் மாடிப்படியில் நின்று அழுதாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரு பொட்டு நிழல் விழாமல் வெளிச்சத்தைக் கொட்டினேன். சேனலில் அப்படித்தான் கேட்கிறார்கள். போன வாரம் துணிந்து ஜன்னல் பக்கத்து விளக்கு ஒன்றை அணைத்துப் பார்த்தேன். "என்ன பாண்டி, வீட்டுல கரண்டு போயிருச்சா?" என்று போன் வந்தது. திரும்பப் போட்டுவிட்டேன்.

பத்தொன்பது வயதில் அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்தவன் நான். சென்னைக்கு வந்து ஒரு பெரிய கேமராமேனிடம் ஆறு வருடம். அவர் லென்ஸ் பெட்டியைத் தூக்கினேன், அவர் மகளை டியூஷனில் கொண்டுபோய் விட்டேன். பிறகு டிவி. ரெண்டே வருசம், அப்புறம் சினிமா என்று வந்த இடத்தில் பதினொரு வருடம் ஓடிவிட்டது. நான்கு தயாரிப்பாளர்கள் உட்காரவைத்துக் காபி கொடுத்து, "நீங்க சீரியல் ஆளாச்சே" என்று அனுப்பிவைத்தார்கள். இப்போது வயது நாற்பத்தொன்று.

மதியம் இம்மானுவேல் கூப்பிட்டான். மதுரைக்காரன், பத்து வருடம் அசோசியேட்டாக இருந்துவிட்டு முதல் படம் பண்ணுகிறான். திருச்சுழிப் பக்கத்துக் கதை. "அண்ணே, நம்ம ஊரு வெயிலை எவனும் எடுத்ததில்ல. எல்லாப் பயலும் காலைல ஆறு மணிக்கும் சாயந்தரம் அஞ்சு மணிக்கும் தங்கம் பூசி எடுத்துட்டு வந்துர்றான். நீங்க அந்த மண்ணு. எப்பிடி எடுப்பீக?"

யோசிக்கவே இல்லை. பன்னிரண்டிலிருந்து ரெண்டு வரைக்கும் எடுப்பேன் என்றேன். மற்ற கேமராமேன்கள் சாப்பிடப் போகிற நேரம். தலைக்கு நேர் மேலே சூரியன், கண்ணுக்குழி இருட்டு, காலடியில் ஒரு சாண் நிழல்.

"படம் உங்களுக்குத்தான்" என்றான். பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வெளியே வந்து மருமகளுக்கு லைட்டைச் சரி பண்ணினேன்.

2024 ஏப்ரல் 6, சனி. பாலவனத்தம்.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கண்மாய் பார்த்தாயிற்று. தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கரையில் நாலு கருவேலம், உள்ளே ஒன்றுமில்லை. கதைப்படி கதாநாயகி தன் காட்டை அளக்க சர்வேயர் வரும்வரை நகரமாட்டேன் என்று இதற்குள்தான் நிற்கிறாள். அந்த ஒரு காட்சியில் படம் நிற்கும். நின்றால் நானும் நிற்பேன். இல்லையென்றால் சோபாவும் மாடிப்படியும்தான், சாகிற வரைக்கும்.

வரும் வழியில் சரஸ்வதி அக்கா வீட்டில் சாப்பாடு. அம்மா போனபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினாறு. மல்லிக்காட்டில் களை எடுத்து என்னைப் படிக்கவைத்தவள். மச்சான் அருஞ்சுனை தவறி நாலு வருடமாகிறது. பெரியவள் ஈஸ்வரி டவுனில் நூல் மில்லுக்குப் போகிறாள், சின்னவள் ரோஷினி காலேஜ். வீடு ஈஸ்வரி சம்பளத்தில் ஓடுகிறது.

"மாமா, உங்க படத்துல ஒரு ஓரமா என்னைய நிப்பாட்டுவீகளா?" என்றாள் ஈஸ்வரி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

"ஒன்னைய நிப்பாட்டுனா வெளிச்சம் ரெண்டு மடங்குல்ல போடணும்" என்றேன். அவள் கரண்டியை ஓங்கினாள். அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள்.

2024 ஏப்ரல் 24, புதன். திருச்சுழி.

ஷூட்டிங் மூன்றாம் நாள். சோலியே ஓடவில்லை.

ஹீரோயின் மும்பைப் பொண்ணு. பெயர் இங்கே வேண்டாம். வெள்ளைவெளேரென்று இருக்கிறாள், அவளைக் கருப்பாக்க ரெண்டு மணி நேரம் மேக்கப். வெயிலில் பத்து நிமிடம் நின்றால் கழுத்து வழியே கருப்பு ஒழுகுகிறது. ஆகவே எல்லாம் தயாராகும்வரை அவள் கேரவனுக்குள். அதுவரை அவள் இடத்தில் வேறு ஒருத்தி நிற்கவேண்டும், அதே உயரம், அதே நிறம். அவளை வைத்து நான் வெளிச்சம் அளந்து, அசிஸ்டெண்ட் போகஸ் வைத்து, எல்லாம் முடிந்த பிறகு ஹீரோயின் வந்து அதே மார்க்கில் நிற்பாள். சென்னையிலிருந்து இதற்கென்று வந்த பெண்ணும் சிவப்பு. அவளை வைத்து அளந்தால் ஹீரோயின் வந்து நிற்கும்போது முகம் கரிக்கட்டையாகிவிடுகிறது. மூன்று நாளாக இந்தக் கூத்து. தயாரிப்பாளர் பக்கத்து ஆள் ஒருவன் என் காதுபட, "டிவி ஆளைப் போட்டா இப்பிடித்தான்" என்றான்.

எனக்கு அப்போதுதான் ஈஸ்வரி ஞாபகம் வந்தது. அதே உயரம். அந்த நிறத்துக்காகத்தான் ஹீரோயினை ரெண்டு மணி நேரம் பூசுகிறோம்.

போன் பண்ணினேன். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறாளாம். "படத்துல எம் மூஞ்சி தெரியுமா மாமா?" என்று கேட்டாள். ஒரு சீன்ல ஒரு வசனம் வாங்கித் தாரேன் என்றேன். இம்மானுவேலிடம் கேட்கவேண்டும்.

2024 ஏப்ரல் 26, வெள்ளி.

ஈஸ்வரி வந்ததிலிருந்து ஒவ்வொரு பிரேமும் அச்சாக விழுகிறது. இம்மானுவேல் மானிட்டரைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறான்.

மேக்கப் மேன் இன்று ஈஸ்வரியைக் கேரவனுக்குக் கூப்பிட்டான். அவள் கன்னத்தோரம் ஸ்பாஞ்சைப் பிடித்துப் பார்ப்பது, ஹீரோயின் முகத்தில் அப்புவது, மறுபடி பிடித்துப் பார்ப்பது. பெயிண்டுக் கடைக்காரன் அட்டையை வைத்துப் பார்க்கிற மாதிரி.

"எம் மூஞ்சியப் பாத்துப் பாத்து அவுகளுக்குப் பூசுறதுக்கு, நானே நின்னுட்டா சோலி முடிஞ்சிருமே" என்றாள் ஈஸ்வரி. விளையாட்டாகத்தான் சொன்னாள், பாதி.

கேரவனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வசனத்தைப் பற்றி இன்னும் இம்மானுவேலிடம் கேட்கவில்லை. நேரம் பார்த்துக் கேட்கவேண்டும்.

2024 மே 1, புதன்.

நாளை கண்மாய்க் காட்சி. இன்று ஒத்திகை பார்த்தோம், வெறுங்கால். மண் கொதிக்கிறது. நான் வெளிச்சம் அளந்துகொண்டிருக்கும்போது ஈஸ்வரி மார்க்கைவிட்டு இரண்டடி நகர்ந்து காலில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மேகம் வந்துவிட்டது. கால் மணி நேரம் வீண்.

கத்திவிட்டேன். அறுபது பேர் பார்க்கக் கத்தினேன். "மார்க்குல நில்லுன்னா நிக்கணும். முள்ளு குத்துது, மசுரு குத்துதுன்னு நகரக் கூடாது. நான் சொல்றவரைக்கும் நின்ன எடத்த விட்டு அசையாத. ஒனக்காக ஒரு யூனிட்டே நிக்கிது, தெரியுதா?"

"சரி மாமா" என்றாள். பிறகு சாயந்தரம்வரை அசையவில்லை. லைட்மேன் ஒருவர் மோர் கொண்டுவந்து நீட்டினார். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் வாங்கினாள்.

சொந்தக்காரியைத் திட்டினால்தான் மற்றவர்கள் பயப்படுவார்கள். யூனிட்டை நடத்தத் தெரியவேண்டும். எங்கள் குரு செருப்பைக் கழற்றி எறிவார்.

2024 மே 2, வியாழன். மதுரை, பெரிய ஆஸ்பத்திரி வாசல்.

ஈஸ்வரி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள். உடம்புச் சூடு நூற்றாறு. அருப்புக்கோட்டையில் ஐஸ் வைத்து இங்கே அனுப்பிவிட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

அக்கா வந்துவிட்டாள். மல்லாங்கிணற்றிலிருந்து சங்கரலிங்கமும் வந்திருக்கிறார், பெரியம்மா மகன், எங்களுக்கு அண்ணன் முறை. சிமெண்டுக் கடையைப் பூட்டிவிட்டு அப்படியே வந்திருக்கிறார்.

சரியாகிவிடும். ரெண்டு பாட்டில் ஏற்றினால் சரியாகிவிடும்.

2024 மே 3, வெள்ளி.

கண் திறக்கவில்லை.

2024 மே 5, ஞாயிறு.

தயாரிப்பிலிருந்து மேனேஜர் வந்தார், கையில் பழக்கூடை. என்னை ஆஸ்பத்திரி கேண்டீனுக்குக் கூட்டிப்போனார். ஈஸ்வரி பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, சென்னைப் பெண்ணின் பெயர்தான் இருக்கிறது. விசாரணை என்று வந்தால் படம் நின்றுவிடும். இம்மானுவேலுக்கு முதல் படம், உங்களுக்கும் முதல் படம் என்றார். ஒரு காகிதம் கொடுத்தார். ஈஸ்வரி ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்க வந்தவள், கூட்டத்தில் நின்று மயங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தது. தாயார் கையெழுத்துப் போட்டால் போதும், மருத்துவச் செலவு முழுக்க அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.

அவரே போய் வாங்கியிருக்கலாம். "நீங்க சொன்னா உங்க அக்கா கேப்பாங்க" என்றார்.

அக்கா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தை நீட்டினேன்.

"என்னடா இது?"

"ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கா. கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்க."

"படிச்சுட்டியா நீ?"

"படிச்சுட்டேன்."

"அப்பச் சரி" என்று போட்டாள். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த கை. இன்று பெயரைக் கோணல்மாணலாகப் போட்டது. சங்கரலிங்கம் சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்குத் திருச்சுழிக்குப் போகிறேன். எட்டு நாள் வேலை பாக்கி. இங்கே இருந்து நான் என்ன செய்யப் போகிறேன்? டாக்டரா நான்?

2024 மே 9, வியாழன். திருச்சுழி.

கண்மாய்க் காட்சியில் ஹீரோயினின் குளோசப்களை எடுத்துவிட்டோம். குடை, ஐஸ் துண்டு, டேபிள் ஃபேன் எல்லாம் பக்கத்திலேயே. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை உட்காரவைத்தோம். இப்போது எல்லோருக்கும் வெயில் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது.

அன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டே காலுக்கு ஈஸ்வரியை மார்க்கில் நிறுத்தினேன். ஏற்பாடு முடிகிற நேரத்தில் வாக்கிடாக்கியில் இம்மானுவேல் கூப்பிட்டான், ஹீரோயின் வெறுங்காலில் நிற்கமாட்டேன் என்கிறாள் என்று. "இரு, வாரேன்" என்று ஈஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போனேன். எங்கள் ஊரில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற எவனும் சொல்கிற வார்த்தை அது. கிளம்பும்போது போறேன் என்று யார் சொல்வார்கள்? நான் போகிறேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவளும் அந்த ஊர்க்காரிதான். அவளுக்குத் தெரியாதா?

கேரவனில் ஏசி. ஹீரோயின் அழுதாள், அவள் அம்மா இந்தியில் கத்தினாள், இம்மானுவேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தோல் நிறத்தில் ஒரு செருப்புத் தைக்கலாம் என்று முடிவாகும்போது ஒரு மணி. அதற்குள் லஞ்ச் பிரேக் அறிவித்துவிட்டார்கள். எல்லோரும் கரைக்கு அந்தப் பக்கம் பந்தலுக்குப் போய்விட்டார்கள். நானும் போனேன். சாம்பார், அப்பளம், பாயசம்கூட. பாயசத்தை ரெண்டு தடவை வாங்கினேன்.

கேமராவுக்குக் காவலாக அசிஸ்டெண்ட் வீரபத்திரன் மட்டும் கண்மாய்க்குள் இருந்தார். கேமராவுக்குக் குடை பிடித்து, ஈரத்துணி போர்த்தி. ஒரு மணிவாக்கில் ஈஸ்வரியிடம் போய், "போய்ச் சாப்பிடும்மா, பிரேக் விட்டாச்சு" என்றிருக்கிறார்.

"மாமா வாரேன்னுட்டுப் போயிருக்காகண்ணே. நேத்தே நகந்ததுக்கு ஏச்சு வாங்கிட்டேன்."

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாராம். குடித்தாளாம். அதற்கு மேல் அவரும் வற்புறுத்தவில்லை. கேமராமேன் நிறுத்திய ஆளைக் கேமராமேன்தான் விடவேண்டும், செட்டில் அது சட்டம். அவரையும் நான் அந்த வாரம் ரெண்டு தடவை திட்டியிருந்தேன்.

இதில் என் தப்பு என்ன? மறந்துவிட்டேன். மனுசன் மறக்க மாட்டானா?

2024 மே 14, செவ்வாய். மதுரை.

நேற்று பேக்கப். இன்று காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். ஈஸ்வரி கண் திறந்து நாலு நாளாயிற்றாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்டதற்கு, "நீ சோலியா இருப்பேன்னு சங்கரலிங்கண்ணன்தான் சொல்ல வேணாம்னுச்சு" என்றாள்.

பேச்சு குழறுகிறது. வாயில் கூழாங்கல் போட்டுப் பேசுகிற மாதிரி. பிடித்து நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சாய்கிறாள். மூளையின் பின்பக்கம் சிறுமூளை என்று ஒன்று, சூட்டில் அது அடிபட்டிருக்கிறது, நடையும் பேச்சும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். மில் வேலையைப் பற்றிக் கேட்டேன். அறுந்த நூலை முடிய விரல் நடுங்கக் கூடாதே என்றார். அவ்வளவுதான்.

என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னாள். புரியவில்லை. ரோஷினி குனிந்து கேட்டுச் சொன்னாள். "நான் நகரலைல மாமா, ஷாட்டு நல்லா வந்துச்சான்னு கேக்குறா."

நல்லா வந்துச்சு தாயி என்றேன். வெளியே வந்து டீ குடிக்கப் போனேன்.

2024 ஜூன் 20, வியாழன். சென்னை.

மே ஒன்பதாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ஒழுங்காக எழுதிவிடுகிறேன் என்று ஆரம்பித்துவிட்டு, பாயசத்தைக்கூட எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

எடிட்டிங் ரூமில் இன்று இம்மானுவேல் அந்த ஷாட்டைப் பார்த்துவிட்டான். "அண்ணே, இது எப்ப எடுத்தோம்? இது ஹீரோயின் இல்லையே."

எழுதுகிறேன்.

ரெண்டு பத்துக்குக் கரை ஏறித் திரும்பினேன். தூரத்தில் ஈஸ்வரி நிற்பது தெரிந்தது. அடப்பாவி, இன்னும் நிக்கிறாளே என்று நெஞ்சு திக்கென்றது. சத்தியமாகத் திக்கென்றது. ஓடினேன். கேமரா பக்கம் வந்ததும் வழக்கப்படி கண் வியூஃபைண்டருக்குப் போனது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

கானல் அவளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக ஆடினாள், முன்னும் பின்னும். கால் மட்டும் மார்க்கில். முகம் இருட்டு, யாரென்றே தெரியாது. ஹீரோயினை ஆயுசுக்கும் நடிக்கச் சொன்னாலும் வராது.

ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன்.

நாற்பத்தேழு நொடி. எடிட்டர் அளந்து சொன்னார். நாற்பத்தேழு நொடி நான் பேசவில்லை. ஒரு வார்த்தை, "போதும்மா, வா" என்றிருக்கலாம். போகஸை மட்டும் திருத்தினேன். திருத்தினேன்யா. கை அது பாட்டுக்குத் திருத்துது. அவ விழுகப் போறான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். விழுந்தப்புறம்தான் ஓடுனேன். அதுவும் பட்டனை அணைச்சுட்டுத்தான் ஓடுனேன்.

வீரபத்திரன் என் பக்கத்தில்தான் நின்றார்.

அந்த நாற்பத்தேழு நொடி இல்லாவிட்டால் அவள் சரியாகியிருப்பாளா? ரெண்டு மணி நேரத்தில் ஆகாதது அந்த நாற்பத்தேழு நொடியிலா ஆனது? டாக்டரிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

இம்மானுவேல் அந்த ஷாட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தான். பிறகு, "முகம் தெரியலைலண்ணே?" என்றான். தெரியாது என்றேன். விழுவதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டி வைத்தார்கள்.

2024 ஜூன் 21, வெள்ளி.

வீரபத்திரன் இனி என்னோடு வரவில்லையாம். சீரியலுக்கே போகிறாராம். "அங்க வீட்டுக்குள்ளதான் ஷூட்டிங்" என்றார்.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு. பாலவனத்தம்.

ஒரு மணி நேரம்தான் இருந்தேன். ஈஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ரோஷினி தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறாள், அதன்மேல் நடந்து பழகச் சொல்லியிருக்கிறார்களாம். மூன்றாவது எட்டில் கோட்டைவிட்டு விலகிவிடுகிறாள். விலகினால் அவளே சிரிக்கிறாள்.

சங்கரலிங்கம் வாரம் ரெண்டு தடவை காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்வருகிறாராம். ரோஷினி காலேஜை விட்டுவிட்டு ஈஸ்வரியின் மில்லுக்கே வேலைக்குப் போகிறாள்.

அக்கா எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "படம் எப்ப வருது? நல்லா ஓடணும்டா. இம்புட்டுப் பட்டதுக்கு ஒனக்காச்சும் நல்லது நடக்கணும்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன். நேரமாகவில்லை.

2025 பிப்ரவரி 7, வெள்ளி. சென்னை.

ரிலீஸ். திரையில் "ஒளிப்பதிவு" என்று என் பெயர் தனியாக வந்தது. தியேட்டரில் ஏழெட்டுப் பேர் கை தட்டினார்கள், பாதி எங்கள் ஆட்கள்தான். கண்மாய் ஷாட் வந்தபோது ஒருவரும் இருமக்கூட இல்லை. பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

துர்காதேவி என் கையைப் பிடித்தாள். என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. "இதுக்குத்தானங்க இத்தன வருசம் காத்திருந்தீங்க" என்றாள்.

ஆமாம், இதுக்குத்தான்.

2025 பிப்ரவரி 10, திங்கள்.

ஒரு சேனலில் பேட்டி. நான், இம்மானுவேல், ஹீரோயின். எல்லாக் கேள்வியும் அந்த ஷாட்டைப் பற்றித்தான். ஹீரோயின் தமிழில் தட்டுத்தடுமாறி, "ரொம்ப வெயில், ரெண்டு மணி நேரம் நின்னேன், கால் சுட்டுச்சு" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ. பேட்டி எடுத்தவர் என் பக்கம் திரும்பி, "அந்த டெடிகேஷனைப் பத்திச் சொல்லுங்க சார்" என்றார்.

சொன்னேன். நல்லாவே சொன்னேன். "நகரவே மாட்டாங்க. நான் சொல்றவரைக்கும் அசையாம நின்னாங்க" என்றேன்.

2025 பிப்ரவரி 12, புதன்.

அக்கா போன் பண்ணினாள். அருப்புக்கோட்டைத் தியேட்டரில் ரோஷினியோடு போய்ப் படம் பார்த்திருக்கிறாள். ஈஸ்வரியை சங்கரலிங்கம் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், இருட்டில் படி ஏற முடியாதென்று.

"பாண்டி. கம்மாய்க்குள்ள நிக்கிறது ஈஸ்வரிதான?"

"அது ஹீரோயின்க்கா."

"எம் பிள்ளை நிக்கிறது எனக்குத் தெரியாதாடா? சோந்துபோனா வலது தோள எறக்கிக்கிட்டு நிப்பா. மில்லு விட்டு வந்து பத்து வருசமா எங்கண்ணு முன்னாடி அப்பிடித்தான நிக்கிறா."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வேடிக்கை பாக்க வந்தவன்னு எழுதிக் குடுத்தேன். நீதான் நீட்டுன. வேடிக்கை பாக்க வந்தவ எப்பிடிடா படத்துக்குள்ள நிக்கிறா?"

"அக்கா, அது வந்து..."

"ஆடுறாளே. தள்ளாடுறாளே. விழுகப் போற பிள்ளையப் பாத்துக்கிட்டா நின்ன?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அவள் திட்டவில்லை. நாசமாப் போவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும். பிறகு, "சரி, வையி" என்றாள்.

2025 பிப்ரவரி 13, வியாழன்.

ஐந்து தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறாவது தடவை சங்கரலிங்கம் எடுத்து, "தம்பி, அவுகள விட்ருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

2025 மார்ச் 3, திங்கள்.

பெரிய தயாரிப்பாளர் ஒருவர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். காபி வந்தது. "உங்க அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் சார் கூப்பிட்டேன்" என்றார். ஹைதராபாத்தில் ஷூட்டிங், மூன்று மொழியில் படம். அங்கேயே கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை சீரியல் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு. ஹைதராபாத்.

ரோஷினிக்குக் கல்யாணம், ஆவணி பத்தொன்பது. ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ளை வீரசோழன் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறாராம். தாய்மாமன் மாலை போட்டு மணமேடைக்குக் கூட்டிவராமல் எங்கள் பக்கத்தில் தாலி ஏறாது. எப்படியும் என்னைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்று பத்து நாளாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துர்காதேவியிடம் பட்டுச்சேலை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

நேற்று தயாரிப்புத் தரப்பில் அட்டவணை கொடுத்தார்கள். பெரிய ஹீரோ ஆறு நாள்தான் தேதி கொடுத்திருக்கிறார், ஆவணி பத்தொன்பது அதற்கு நடுவில். என்ன செய்வதென்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் முடிவு பண்ணி, அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று ரெண்டு தடவை மனசுக்குள் சொல்லிப்பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தாள்.

"அக்கா, ரோஷினி கல்யாணத்துக்கு..."

"ஆமாடா. சங்கரலிங்கண்ணன் நிக்கும். ஆனி மாசமே போய் வெத்தலபாக்கு வச்சுச் சொல்லியாச்சு. பத்திரிகைலயும் அவுக பேருதான் போட்ருக்கு."

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. ஈஸ்வரி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இருக்கிறாள் என்றாள். உள்ளே யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள், பந்தல்காரர் வந்துவிட்டார் போலிருக்கிறது. "வேற ஒண்ணும் இல்லைல?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. யாரிடமும் லீவு கேட்கவேண்டாம், பொய் சொல்லவேண்டாம். பிறகு துர்காதேவிக்குப் போன் பண்ணி, பட்டுச்சேலை எடுக்கவேண்டாம் என்று சொன்னேன்.

"ஏங்க?"

"அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுட்டாக" என்றேன்.